இன்வேர்டு போடாத ரோலும் ஏஐ ஏஜென்ட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஏஐ ஏஜென்ட்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி: இனி மென்பொருளுக்குக் கையேடு எழுதும் வேலையே இருக்காது, ஏஜென்ட் தானே புரிந்துகொண்டு ஓட்டிவிடும் என்று. 19 வருஷமாக அந்தக் கையேடு எழுதித்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அதனால் இவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் அதுவும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த வரி தப்பு. கடந்த ஒன்றரை வருஷமாக நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இதுவரை இல்லாத மரியாதை கிடைக்கிறது. திட்டும் அதே அளவுக்குக் கிடைக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்வது திருப்பூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக், ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை), பேக்கிங் கணக்குப் பார்க்கும் மென்பொருள் செய்து விற்கிறோம். நூல் வாங்கி, துணி பின்னும் நிட்டிங் போய், சாயம் போடும் டையிங் போய், காம்பேக்டிங் முடிந்து, கட்டிங், தையலுக்குப் பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று ஒரு டி-ஷர்ட் அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சேர்வதற்குள் பத்து கை மாறும். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு டிசி போட வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், டிசி என்றால் டெலிவரி சலான். இந்தக் கணக்கு முழுவதையும் தலையில் வைத்திருக்கிற ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருவர் எல்லா கம்பெனியிலும் இருப்பார். அவர் லீவு போட்டால் கம்பெனியே பாதி லீவு.

போன வருஷம் எங்கள் முதலாளி, சாஃப்ட்வேரில் ஏஜென்ட் சேர்க்கப் போகிறோம் என்று கஸ்டமர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த ஊரில் ஏஜென்ட் என்றால் நூல் ஏஜென்ட், இல்லாவிட்டால் பையிங் ஏஜென்ட். ஒருவர் எழுந்து, “கமிஷன் எத்தனை பர்சன்ட்டுங்க?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சரி, ஏஜென்ட் என்ன செய்கிறது? அதற்குள் இருப்பது மொழி மாடல், அதாவது கேள்வியைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ. அதற்குத் தானாக எங்கள் ஸ்டாக்கைப் பார்க்கத் தெரியாது. புரோகிராமர்கள் அதன் கையில் ஒரு பட்டியலைக் கொடுக்கிறார்கள். பட்டியலில் இருப்பவை டூல்கள், அதாவது கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், இரண்டு மூன்று வரி விளக்கம், என்னென்ன விவரம் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்ற குறிப்பு. கேள்வி வந்ததும் மாடல் இந்தப் பட்டியலைப் படித்து, எதைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்கிறது. 2023 ஜூனில், சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ இந்த வசதியைத் தன் மாடல்களில் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற இன்னொரு ஏஐ நிறுவனம், மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்று ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எம்சிபி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். எந்த மென்பொருளையும் எந்த ஏஜென்ட்டோடும் ஒரே மாதிரி இணைக்க அது வழி செய்கிறது. நாங்களும் அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

எம்சிபியில் டூலுக்குப் பெயர் கட்டாயம். விளக்கம் கட்டாயம் இல்லை, காலியாக விட்டாலும் வண்டி கிளம்பிவிடும். எங்கள் பையன்கள் காலியாக விடவில்லை, நல்ல பிள்ளைகள். 43 டூலுக்கும் ஒரே மதியத்தில் விளக்கம் எழுதி முடித்துவிட்டார்கள். ‘கெட் ஸ்டாக்’ என்று ஒரு டூல். அதன் விளக்கம்: ‘ஸ்டாக்கைத் தரும்’. கதவுக்கு மேல் ‘கதவு’ என்று எழுதி மாட்டிய கதைதான்.

ஒரு கஸ்டமரிடம் சோதனைக்குப் போட்டுப் பார்த்தோம். அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண் சாயங்காலம் கேட்டிருக்கிறாள்: நேவி சிங்கிள் ஜெர்ஸி துணி, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), எவ்வளவு கிலோ இருக்கிறது? ஏஜென்ட் ஒரு நொடியும் தயங்காமல் 1,840 கிலோ என்றது. அவள் அதை நம்பி அடுத்த நாள் காலை கட்டிங் திட்டம் போட்டுவிட்டாள். காலையில் ஆட்கள் வந்தார்கள், டேபிளைத் துடைத்தார்கள், ரோலை எடுக்கப் போனால் குடோனில் இருந்தது 640 கிலோ. மீதி 1,200 கிலோ டையிங்கில். 11 மணி டீ வரைக்கும் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் எனக்குப் போன் போட்டார். பழைய கையேட்டில் உதவிக்கு என்று என் நம்பர்தான் இருக்கிறது, அது என் தலைவிதி.

“ஏனுங் அம்மிணி, உங்க ஏஜென்ட்டு இல்லாத துணிக்கெல்லாம் கணக்குச் சொல்லுதுங்களே. 1,200 கிலோ டையிங் மெஷினுக்குள்ள கிடக்குது. நான் அதுக்குள்ள கையை விட்டா வெட்டறது?”

ஆபீஸில் மீட்டிங் நடந்தது. மாடல் சரியில்லை, இன்னும் பெரிய மாடல் வாங்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய தீர்ப்பும். நான் லாகைக் கேட்டேன். ஏஜென்ட் எந்த டூலை, என்ன விவரத்தோடு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டது என்று அதில் வரி வரியாக இருக்கும். பார்த்தால் பட்டியலில் இரண்டு டூல். ஒன்று ‘கெட் ஸ்டாக்’, இன்னொன்று ‘கெட் ஸ்டாக் பேலன்ஸ்’. ஒன்று நம் குடோனில் இருப்பதை மட்டும் சொல்லும். இன்னொன்று ஜாப் ஒர்க்கில் வெளியே இருப்பதையும் சேர்த்துச் சொல்லும், ஆடிட்டருக்காக எந்தக் காலத்திலோ செய்தது. இரண்டுக்கும் விளக்கம் ‘ஸ்டாக்கைத் தரும்’. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிய பையனைக் கேட்டேன். அவனும் புரோகிராம் கோடைத் திறந்து பார்த்துத்தான் சொன்னான். எங்கள் யாருக்கும் தெரியாததை ஏஜென்ட் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறோம்.

இத்தனை வருஷம் என் கையேட்டில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒருவர் குழம்பினால் பக்கத்து டேபிளில் திரும்பி, “அண்ணா, இதுல டையிங்ல இருக்கிறதும் சேருமா?” என்று கேட்டுக்கொள்வார். நான் விட்டதையெல்லாம் அந்த அண்ணன்கள் நிரப்பினார்கள், நான் நல்ல எழுத்தாளர் என்று பெயர் வாங்கினேன். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து டேபிள் கிடையாது. ஸ்கிரீனும் தெரியாது, மெனுவும் தெரியாது. பெயரும் விளக்கமும்தான் அது பார்க்கும் முழுக் கம்பெனி.

அப்புறம்தான் அந்த 43 விளக்கங்களும் என் மேஜைக்கு வந்தன.

தேதியில் ஆரம்பித்தேன். டிசி தேடும் டூலில் ‘தேதி’ என்று மட்டும் இருந்தது. 04/07 என்று போனால் நமக்கு ஜூலை 4, அமெரிக்காவில் ஏப்ரல் 7. ஏஜென்ட் சில நாள் இப்படியும் சில நாள் அப்படியும் எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் தர வேண்டும் என்று எழுதி, ஓர் உதாரணமும் போட்டு, வேறு மாதிரி வந்தால் டூலே வாங்காதபடி செய்துவிட்டோம். எடையா எண்ணிக்கையா என்பதும் அப்படித்தான். ‘அளவு’ என்று இருந்த இடத்தில் ‘கிலோவில் எடை’ என்று பெயரையே மாற்றினோம். பார்ட்டி, அதாவது கொடுக்கல் வாங்கல் உள்ள கம்பெனி, அதன் பெயர் தனி வேதனை. ஊரில் பாதிக் கம்பெனிப் பெயர் ‘ஸ்ரீ’ என்று ஆரம்பிக்கும். டூல் கேட்டதோ பார்ட்டி கோடு நம்பர். மெர்ச்சண்டைசர் பெயரைத்தான் சொல்வாள், அவளுக்கு நம்பர் எங்கே தெரியும்? ஏஜென்ட் ஒரு நம்பரை ஊகித்துப் போட்டுவிடும், அது வேறு யாருடைய கணக்கிலாவது போய் நிற்கும். இப்போது பெயரைக் கொடுத்தாலே போதும். பெயர் மூன்று பேருக்குப் பொருந்தினால் டூல் மூன்றையும் காட்டி, யார் என்று ஆளைக் கேட்கச் சொல்லும்.

இதெல்லாம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து மட்டும் இல்லை. ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் ஏஜென்ட் செய்வதைப் பற்றி வெளியிட்ட குறிப்பில் தங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். கோப்புகளைத் திருத்தும் ஏஜென்ட் ஒன்று, வேறு ஃபோல்டருக்குள் நகர்ந்த பிறகு, கோப்பின் பாதையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்ததாம். அவர்கள் மாடலை மாற்றவில்லை. முழுப் பாதையைக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று டூலை மாற்றினார்கள், தப்பு நின்றுவிட்டது. மாடலுக்கு எழுதும் மொத்த அறிவுறுத்தலைச் செதுக்கியதைவிட டூல்களைச் செதுக்கத்தான் அதிக நேரம் செலவானது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைத்தேன், வேறு எதற்கு? ஜப்பான் தொழிற்சாலைகளில் இதை போகா-யோகே என்பார்கள். ஒரு பாகத்தைத் தப்பாக மாட்ட வழியே இல்லாதபடி அதன் வடிவத்தையே மாற்றிவிடுவது.

அடுத்த கூத்து டிசியில் நடந்தது. காம்பேக்டிங்குக்கு ஒரு லாட், அதாவது ஒரு தொகுதித் துணி, அனுப்ப டிசி போடச் சொல்லியிருக்கிறார்கள். டிசி விழுந்துவிட்டது, ஆனால் பதில் வருவதற்குள் நெட் இழுத்துவிட்டது. டூல் திருப்பிச் சொன்னது ‘பிழை 500’ என்ற ஒன்று மட்டும். ஏஜென்ட் என்ன செய்யும்? மறுபடி போட்டது. மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவையும் போட்டது. ஒரே துணிக்கு மூன்று டிசி. நல்ல வேளை, சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் இ-வே பில் வரைக்கும் போகவில்லை. போயிருந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய ஓடியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதில் ஏஜென்ட் மேல் குற்றமே இல்லை. ‘பிழை 500’ என்று எழுதி வைத்தவர்கள் மேல்தான். அந்த இடத்தில் இப்போது இருக்கும் வாசகம்: ‘டிசி பதிவானதா என்று உறுதியாகத் தெரியவில்லை. மறுபடி போட வேண்டாம். இந்த லாட் நம்பரை டிசி தேடலில் பார்த்துவிட்டு, இல்லை என்றால் மட்டும் ஆளிடம் கேட்டுப் போடவும்.’ பிழைச் செய்தியும் கையேடுதான். மற்ற பக்கங்களை யாரும் படிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை மட்டும் எல்லோரும் படிப்பார்கள். நான் எழுதிக் கொடுத்த பிறகு பையன்களும் தங்கள் பங்குக்கு, ஒரே வேண்டுகோள் இரண்டு முறை வந்தாலும் ஒரு டிசிதான் விழும்படி செய்துவிட்டார்கள்.

எம்சிபியில் 2025 மார்ச் முதல் இதற்குச் சில அடையாளக் குறிகள் உண்டு. இந்த டூல் படிக்க மட்டும், இது அழிக்கக்கூடியது, இதைத் திரும்பக் கூப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்றெல்லாம் டூலின் மேல் எழுதி வைக்கலாம். ஆனால் அவை வெறும் குறிப்புகள்தான், தெரியாத இடத்திலிருந்து வந்த டூலில் இருந்தால் நம்பிவிடாதீர்கள் என்று அந்த ஆவணமே சொல்கிறது. தராசின் மேல் ‘சரியான எடை’ என்று கடைக்காரரே எழுதி ஒட்டியது மாதிரி. விளக்கத்துக்குள்ளேயே விஷம் வைக்கலாம் என்பதையும் 2025 ஏப்ரலில் இன்வேரியண்ட் லேப்ஸ் என்ற நிறுவனம் செய்து காட்டியது. கணக்குப் போடும் டூல் என்று வெளியே பெயர். விளக்கத்தின் உள்ளே, பயனரின் ரகசியக் கோப்பைப் படித்து அனுப்பு என்று ஏஜென்ட்டுக்கு ஓர் உத்தரவு. நாம் விளக்கத்தைப் பார்ப்பதில்லை, ஏஜென்ட் பார்க்கிறது. கையேடு இனித் தேவையில்லை என்றவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

எழுத எழுத எனக்கும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். ஏஜென்ட் முன்னைவிட மோசமானது. விளக்கம் முழுவதும் ஒவ்வொரு உரையாடலிலும் மாடலுக்குள் போகிறது. எழுத்தின் அளவுக்குக் காசும் போகிறது, முக்கியமான வரி கூட்டத்தில் தொலைந்தும் போகிறது. கல்யாணப் பத்திரிகையில் பங்காளி பெயரையெல்லாம் போட்டு முகூர்த்த நேரத்தைத் தேட விட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆகவே பாதியைக் கிழித்தேன். அதோடு 43 டூலை 14 ஆக்கினோம். அந்த இரண்டு ஸ்டாக் டூலும் ஒன்றாகி, குடோனில் இவ்வளவு, நிட்டிங்கில் இவ்வளவு, டையிங்கில் இவ்வளவு என்று இடம் பிரித்துச் சொல்கிறது. பட்டியலைக் கேட்டால் எல்லாப் பார்ட்டியையும் அள்ளிக் கொட்டுவதும் நின்றது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2024-இல் எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் என்று, மென்பொருள் கோடைத் திருத்தும் ஏஜென்ட் ஒன்று செய்தார்கள். அதில் கோப்பை ஒரு தடவைக்கு 100 வரி மட்டும் காட்டினார்கள், கோடில் இலக்கணப் பிழை விழும்படி திருத்தினால் அந்தத் திருத்தத்தையே ஏற்காமல் திருப்பிவிட்டார்கள். மாடலைத் தொடாமல் கையில் கொடுத்த கருவியை மாற்றியே சரியான விடைகள் கூடின. மனிதருக்கு ஸ்கிரீன் வடிவமைப்பு மாதிரி, ஏஜென்ட்டுக்கும் ஒன்று வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

என் தொழிலின் முன்னோர்களை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1971 நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு எழுதிய முதல் கையேட்டில் கட்டளைகளின் பக்கங்களில் ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்பு வைத்தார்கள். இந்தக் கட்டளை எங்கே சொதப்பும் என்று தாங்களே எழுதி வைத்தார்கள். நான் 19 வருஷம் எழுதிய எந்தக் கையேட்டிலும் அப்படி ஒரு தலைப்பு வைக்க மார்க்கெட்டிங் ஆட்கள் விட்டதில்லை. ஏஜென்ட்டுக்கு எழுதும்போதுதான் முதல் தடவையாக விட்டார்கள். கஸ்டமர் கண்ணில் படாது அல்லவா?

இனிச் சோதனை. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பது என் இரண்டாவது புகார்.

விளக்கம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? என் எழுத்து எனக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினேன். மூன்று கஸ்டமர் கம்பெனியில் போய் உட்கார்ந்து, ஆட்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதினேன். 60 கேள்வி சேர்ந்தது. பையன்கள் முதலில் வைத்திருந்த சோதனைக் கேள்வி எல்லாம், ‘லாட் எண் இதற்குரிய தற்போதைய இருப்பைக் காட்டு’ என்ற ரகம். எந்த ஸ்டோர்ஸில் இப்படிப் பேசுகிறார்கள்? “நேத்து அனுப்பின நேவி வந்துருச்சா?”, “கலர் ஏறலைன்னு திருப்பினது எத்தனை ரோல்?”, “பவர் டேபிள்காரன் இன்னும் எத்தனை பீஸ் தரணும்?” இப்படித்தான் கேட்பார்கள். அதையும் ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டுவார்கள், ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில்.

ஒவ்வொரு கேள்வியையும் எட்டு தடவை கேட்டோம். ஏன் எட்டு என்றால், 2024-இல் சியாரா என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டவ்-பெஞ்ச் என்று ஒரு சோதனை வெளியிட்டார்கள். கடை, விமான டிக்கெட் இரண்டு துறையிலும் வாடிக்கையாளர் வேடத்தில் ஒரு மாடல் பேசும், ஏஜென்ட் டூல்களை வைத்து வேலையை முடிக்க வேண்டும். அன்றைக்குப் பெரிய மாடலாக இருந்த ஜிபிடி-4ஓ வேலைகளில் பாதியைக்கூட முடிக்கவில்லை. அதைவிட முக்கியமானது இது: கடைத் துறையில் ஒரே வேலையை எட்டு தடவை கொடுத்து, எட்டிலும் சரியாக முடித்ததை மட்டும் எண்ணினால் 25 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. டெமோவில் நமக்கு ஒரு தடவைதான் காட்டுகிறார்கள். ஸ்டோர்ஸில் ஒரு நாளைக்கு எட்டு தடவை கேட்பார்கள். எங்கள் 60 கேள்வியில் முதல் வாரம் எட்டுக்கு எட்டு வாங்கியது பாதிகூட இல்லை. முதலாளி நோட்டை மூடிவிட்டு டீ சொன்னார்.

அந்தச் சோதனையிலிருந்து இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஏஜென்ட் என்ன பேசியது என்று அவர்கள் பார்க்கவில்லை, வேலை முடிந்த பிறகு டேட்டாபேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தார்கள். ‘டிசி போட்டாயிற்று’ என்று ஏஜென்ட் அழகாகச் சொல்லும். டிசி விழுந்திருக்கிறதா, ஒன்றுதான் விழுந்திருக்கிறதா என்பது டேட்டாபேஸைத் திறந்தால்தான் தெரியும். திருத்துகிற வேலைக்கு இன்னொரு மாடலை வைத்தும் பார்த்தோம். தப்பான விடை பணிவாக இருந்தால் அது பாஸ் போட்டுவிடுகிறது. இப்போது அது போடும் மார்க்கில் பத்துக்கு ஒன்றை நான் கையால் திருத்திப் பார்க்கிறேன்.

எங்கள் கேள்வித்தாளிலும் கோளாறு இருந்தது. 1,000 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) டையிங் போனது, எவ்வளவு திரும்பி வர வேண்டும் என்று ஒரு கேள்வி. நான் விடை 1,000 என்று எழுதி வைத்திருந்தேன். ஏஜென்ட் எட்டு தடவையும் குறைத்துச் சொன்னது, நானும் எட்டு தடவை தப்புப் போட்டேன். ஸ்டோர்ஸ் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: “பிராசஸ் லாஸ் கழிக்கோணுமல்லங்க?” சாயம் போடும்போது குறையும் எடையைச் சொல்கிறார். ஏஜென்ட் அதைச் சரியாகக் கழித்திருந்தது. இந்த விஷயத்தில் எனக்குத் துணை உண்டு. எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்று மென்பொருள் திருத்தும் ஏஜென்ட்களுக்கான பிரபலமான தேர்வு, 2023-இல் வந்தது, 2,294 கேள்வி. அதில் சில கேள்விகள் தெளிவில்லை, சில சோதனைகள் சரியான விடையையும் தள்ளிவிடுகின்றன என்று தெரிந்து, 2024 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ ஆட்களை வைத்துச் சரிபார்த்து 500 கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்தது. பெரிய இடத்திலேயே கேள்வித்தாளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

60 கேள்வியில் 15-ஐ நான் யாருக்கும் காட்டுவதில்லை, நானும் விளக்கத்தைத் திருத்தும்போது திறப்பதில்லை. தெரிந்த கேள்விக்கே விளக்கத்தை வளைத்துக்கொண்டு போனால் அது கேள்வித்தாள் அவுட் ஆன பரீட்சை. பிளஸ் டூ பெண்ணை வீட்டில் வைத்திருப்பவளுக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் சறுக்குகிறது. “நேத்து அனுப்பின நேவி வந்துருச்சா?” என்ற கேள்விக்கு ஏஜென்ட், வரவில்லை என்றது. ரோல் வாசலில் இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கியும் வைத்தாகிவிட்டது. சரக்கு வந்தது என்ற பதிவான இன்வேர்டு மட்டும் போடவில்லை, போடுகிற பெண் சாப்பிடப் போயிருந்தாள். டூலுக்கு இன்வேர்டு போட்டதுதான் தெரியும். இதை எந்த மாடல் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இது தெரிந்தது அங்கே போய் உட்கார்ந்ததால். விளக்கத்தில் இப்போது அதற்கும் ஒரு வரி இருக்கிறது.

என்னோடு தொழில் பழகியவர்களில் இரண்டு பேர் இந்த ஏஐ காரணத்தைச் சொல்லித்தான் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அதனால் உங்கள் கட்டுரையின் வரி ஆகாயத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. படம் பிடித்து, ‘இந்தப் பட்டனை அழுத்தவும்’ என்று எழுதும் வேலை நிஜமாகவே குறைந்துவிட்டது, அதற்காக நானும் அழப்போவதில்லை. அவர்களை அனுப்பிய கம்பெனிகளின் டூல் விளக்கங்களை இப்போது யார் எழுதுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

கூட்டுறவுச் சங்கம், ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் என்று எல்லோரும் ஏஜென்ட் வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள். உங்கள் பத்திரிகையைப் படிக்கும் யாராவது அந்த மீட்டிங்கில் உட்கார நேர்ந்தால் தயவுசெய்து மூன்றைக் கேளுங்கள். டூல்களின் விளக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், எங்கள் ஆட்கள் படித்துப் பார்க்கட்டும் என்று கேளுங்கள். சோதனை நோட்டைக் காட்டுங்கள், எட்டுக்கு எட்டு எத்தனை என்று கேளுங்கள். ரத்து, பணம் அனுப்புதல், அழித்தல் இதெல்லாம் ஆளைக் கேட்காமல் நடக்குமா என்று கேளுங்கள். நோட்டு இல்லை என்று சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

கட்டுரையின் அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போட முடிந்தால் சந்தோஷம். என் கம்பெனி சம்பந்தப்பட்டது என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.

மாதிரிக்கு, எங்கள் ஸ்டாக் டூலின் இன்றைய விளக்கத்தைத் தமிழில் கீழே கொடுத்திருக்கிறேன். கடிதத்தில் எதை வெட்டினாலும் இதன் கடைசி வரியை மட்டும் வெட்டாதீர்கள், அதற்காக மூன்று நாள் அந்தப் படிக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

‘துணி இருப்பு: ஒரு லாட்டின் துணி எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கிலோவில், இடம் பிரித்துச் சொல்லும். கட்டிங்குக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டால் குடோன் கணக்கை மட்டும் சொல்லவும். டையிங், நிட்டிங்கில் இருப்பதைச் சேர்த்துக் கூட்ட வேண்டாம். தைத்த பீஸ் கணக்குக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குப் பீஸ் இருப்பு டூல் இருக்கிறது. இன்வேர்டு போடாத ரோல் இந்தக் கணக்கில் வராது. ஆகவே வரவில்லை என்று சொல்லாமல், இன்வேர்டு இன்னும் பதிவாகவில்லை, வாசலில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லவும்.’

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.